விளிம்பு மடிக்காத பெட்டி

தங்கச்சி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டியளே? மடியில வச்சிருக்கியளே அந்த ஓலைப்பெட்டி, அதக் கொஞ்சம் திருப்பி அடிப்பக்கத்தப் பாத்துக்கிடட்டுமா? உள்ள என்ன, இலை விபூதியா? திருச்செந்தூருக்குப் போய்ட்டு வாறியளாக்கும். சரி, அப்ப இப்ப வேண்டாம். சாமி விபூதியக் கொட்டிறப்படாது. மடியிலயே இருக்கட்டும், நானும் இதே பஸ்ஸுல மதுரை வரைக்கும் வாறேன்லா, பெறகு பாத்துக்கிடுதேன்.

எங்க குடுத்தாவ இத? கோயம்புத்தூர்ல கல்யாணத்துலயா. வெத்தலை பாக்கு, மஞ்சள், குங்குமம் எல்லாம் இதுக்குள்ள வச்சுத்தான் குடுத்திருப்பாவ. ம்.

ஒரு அட்டை தொங்கியிருக்குமே, இன்னும் கெடக்கா? ஆங், அதுதான். வாசிங்களேன், என் கண்ணாடி பைக்குள்ள எங்கயோ கெடக்கு. 'குடும்பம் முழுவதும் ஒன்றுகூடும் நாளில், கருக்குவிளைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக முடைந்துவரும் பெட்டி.' அந்தக் கருக்குவிளை எங்க ஊரு தங்கச்சி. அந்த வார்த்தை நான் சொன்னது. அப்படியே அச்சடிச்சிருக்காவ. நான் பொய் சொல்லல, பாத்துக்கிடுங்க. அதுல ஒரு சொல்லு பொய் கெடையாது.

என் பேரு சந்தனமாரி. அந்தப் பெட்டிக் கம்பெனிக்கு ஊர்ப்பொறுப்பு நான்தான். முப்பத்திரண்டு பொம்பளைய எங்கிட்ட வேலை பாக்காவ. இன்னைக்கு மதுரையில ஒரு காலேஜுல என்னையப் பேசக் கூப்புட்டிருக்காவ. 'பாரம்பரிய அறிவும் வறுமை ஒழிப்பும்' அப்படின்னு தலைப்பு. பத்தாப்பு படிச்சவ நான், என்னையக் கூப்புட்டிருக்காவ. ஒரு வருசத்துக்கு முந்தி நான் உப்பளத்துல தலையில பெட்டி சுமந்தவ. அந்த உப்புத் தண்ணியில நின்னு நின்னு எங்க ஊருப் பொம்பளையளுக்குக் காலு வெடிச்சுக் கெடக்கும். ராத்திரி எரிச்சல்ல தூங்க முடியாது. இப்ப ஒருத்திக்கும் அது கெடையாது. இத மொதல்ல சொல்லிக்கிடுதேன். பெறகு நான் சொல்லப்போறதக் கேட்டுட்டு நீங்க என்ன நெனைச்சாலும் சரி, இது உண்மை.

மாளவிகா மேடம் வந்தது போன வருசம் பங்குனியில. பட்டணத்துப் பிள்ளை, முப்பது வயசுகூட இருக்காது. பெரிய வேலைய விட்டுட்டு இந்த மாதிரி ஊர்ல உள்ள அறிவ வச்சே ஊர் சனத்துக்கு வேலை உண்டாக்கணும்னு கம்பெனி தொடங்கியிருக்காவ. நல்லவிய. அதையும் சொல்லிருதேன். கெட்டவிய யாரும் இந்தக் கதையில கெடையாது, என்னையத் தவிர.

எங்க ஊர்ல எல்லாப் பொம்பளைக்கும் ஓலை முடையத் தெரியும். முந்தி கருப்பட்டி வியாபாரிய பெட்டி கேட்டு வருவாவ. பெறகு அட்டைப்பெட்டி வந்துட்டு, அந்தச் சோலியும் போச்சு. மேடம் கேட்டாவன்னு நாங்க வகைக்கு ஒண்ணா முடைஞ்சு கொண்டு வச்சோம். சீர்ப்பெட்டி, அரிசிப்பெட்டி, மிட்டாய்ப்பெட்டி, கொட்டான், மூடி போட்டது, சாயம் போட்டது. மேடம் ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துட்டு, எல்லாம் அழகா இருக்கு, ஆனா எல்லாம் கடையில கெடைக்குதுன்னு சொல்லிட்டாவ. எங்க மொகமெல்லாம் தொங்கிட்டு. மேடத்துக்கும்தான். ஒரு வாரத்துல ஊருக்குத் திரும்பணும்னு சொன்னாவ. திரும்பினா அவ்வளவுதான், நாங்க மறுபடியும் உப்பளம்.

அந்த வாரத்துல எங்க தெருவுல ஒரு பெரியவரு இறந்துட்டாரு. மேடமும் மரியாதைக்கு வந்து நின்னாவ. எல்லாம் முடிஞ்சு திரும்பி வரும்போது, அந்த வீட்டு வேலி ஓரமா கெடந்த ஒரு பெட்டியக் கையில எடுத்துட்டாவ.

இந்தப் பெட்டிதான் தங்கச்சி. விளிம்பப் பாருங்க. மத்தப் பெட்டியில விளிம்ப மடிச்சு நார் போட்டுக் கட்டிருவோம். இதுல மடிக்கிறது கெடையாது. ஓலை முனை அப்படியே மேல நீட்டிக்கிட்டு நிக்கும். ஏன்னா துட்டி வீட்டுல, சாவு விழுந்த வீட்டுல, மடிச்சுக் கட்ட நேரம் கெடையாது. வாய்க்கரிசி கொண்டுபோக, ஆளு இறந்த பெறகுதான் முடையணும், முன்கூட்டி முடையப்படாது. அரிசி போட்டு முடிஞ்சதும் பெட்டியக் குழியில தலமாட்டுல வச்சு மூடிருவாவ. வீட்டுக்குத் திரும்பி வாற பொருள் இல்ல. அதனால விளிம்பு கட்டுறதில்ல. அன்னைக்கு யாரோ தெரியாம ஒண்ணு கூடுதலா முடைஞ்சிட்டாவ, வேலி ஓரமாக் கெடந்துது.

பயப்படாதிய. கீழ வைக்க வேண்டாம். விபூதிக்கு ஒண்ணும் தீட்டு கெடையாது.

மேடம் அந்தப் பெட்டியப் புடிச்சுக்கிட்டு, பிள்ளையப் பாக்குத மாதிரி பாக்காவ. இவ்வளவு அழகா ஒண்ண வச்சிக்கிட்டு ஏன் காட்டலன்னு கேட்டாவ. இது எதுக்குச் செய்வியன்னாவ. நான் பக்கத்துல நிக்கேன். தங்கக்கிளி மதினியும் நிக்கா. மதினிதான் எங்க ஊர்ல முடைச்சலுக்குக் கைகாரி. அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. நான் சொன்னேன், இது ஒரு விசேஷத்துக்குச் செய்யுதது மேடம்னு. என்ன விசேஷம்னு கேட்டாவ. குடும்பத்துல எல்லாரும் ஒண்ணு கூடுத விசேஷம்னேன். தூரத்துல இருக்கவுககூட வந்துருவாவ மேடம்னேன்.

பொய்யா? சொல்லுங்க. துட்டிக்கு வராத சொந்தம் உண்டா?

மேடம் கையில இருந்த புக்குல எழுதிக்கிட்டாவ. பதினைஞ்சு நாள்ல ஆர்டர் வந்துட்டு. மூவாயிரம் பெட்டி, மூணு மாசத்துல, கல்யாணத்துக்கு. நீங்க போனியளே, அந்தக் கல்யாணமாத்தான் இருக்கும்.

அன்னைக்குப் பொம்பளையளக் கூட்டிவச்சு விஷயத்தச் சொன்னேன். தங்கக்கிளி மதினிதான் கடைசியில வாயத் தொறந்தா. "ஊரே செத்தாலும் மூவாயிரம் பெட்டி வேண்டாமேட்டி" அப்படின்னா. எனக்குக் கோவம் வந்துட்டு. அப்ப நாளைக்குச் சைக்கிள எடுத்துக்கிட்டு உப்பளத்துக்குப் போங்கன்னேன். மதினி காலத்தான் பாத்தேன் அப்ப. குதிங்கால்ல வெடிப்பு, துணி சுத்தியிருந்தா. அவளும் குனிஞ்சு அதத்தான் பாத்தா. பெறகு, சரி, முடையுதோம், ஆனா அதுக்குன்னு உள்ள முறைய விட மாட்டோம்னு சொல்லிட்டா.

முறை என்னன்னா, துட்டிப் பெட்டிய வீட்டுக்குள்ள வச்சு முடையப்படாது. செவ்வாய், வெள்ளி முடையப்படாது. மாசமா இருக்கவ தொடப்படாது. முடைஞ்சு எழும்பினா தலையோட தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் வீட்டு நடையில கால வைக்கணும். இத மேடத்துட்ட எப்படிச் சொல்ல? நான் ஒவ்வொண்ணாச் சொன்னேன். மேடம், இவிய வீட்டுல வச்சு வேலை செய்ய மாட்டாவ, தனியா ஒரு எடம் வேணும். மேடம், வாரத்துல ரெண்டு நாள் ஓய்வு வேணும். மேடம், மாசமா இருக்க பிள்ளையளுக்கு இந்த வேலை வேண்டாம். மேடம், வேலை முடிஞ்சு குளிக்கத் தண்ணி வேணும்.

மேடத்துக்குக் கண்ணு கலங்கிட்டு. இவ்வளவு வருசத்துல எந்த ஊர்லயும் பொம்பளைய இப்படித் தெளிவாக் கேட்டதில்லைன்னாவ. தகரம் போட்டுச் செட்டு கட்டிக் குடுத்தாவ. தண்ணித் தொட்டி, மறைப்பு வச்ச குளியல் அறை நாலு. மாசமா இருந்த ரெண்டு பிள்ளையளுக்கு வீட்டுல இருந்தே சம்பளம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மத்த முப்பது பொம்பளையளும் தலைக்கு ஊத்திக்கிட்டு ஈரத் தலையோட வரிசையா வீட்டுக்குப் போவாவ. மேடம் அதப் போட்டோ எடுத்தாவ. மெட்ராஸ்ல அவார்டு குடுக்கும்போது அந்தப் போட்டோவத்தான் பெருசாப் போட்டுக் காட்டினாவ. தனக்காக நேரம் ஒதுக்கக் கத்துக்கிட்ட கிராமத்துப் பெண்கள்னு கீழ எழுதியிருந்துச்சு. எல்லாரும் எழும்பி நின்னு கை தட்டினாவ. நானும் தட்டினேன். என்ன செய்யச் சொல்லுதிய.

இன்னொரு முறை உண்டு. அதுதான் பெரிய கரைச்சலாப் போச்சு. துட்டிப் பெட்டிக்கு முதல் ஓலை வைக்கும்போது இறந்தவுக பேரச் சொல்லணும். இன்னாருக்குன்னு சொல்லித்தான் தொடங்கணும். ஒரு பேருக்கு ஒரு பெட்டி. பேரு இல்லாம முடைஞ்சா அது யாரையாவது தேடும்னு சொல்லுவாவ. முடிச்சதும் அடியில நாரால ஒரு முடிச்சுப் போடணும், ஆளு வந்து சேந்துட்டாங்கிறதுக்கு. முடிச்சு இருந்தா மேசையில ஆடுதுன்னு மேடம் அத வேண்டாம்னுட்டாவ. முடிச்ச விட்டாவ, பேர விட மாட்டேன்னுட்டா மதினி.

அப்ப மூவாயிரம் பேரு வேணும்லா?

தொடக்கத்துல ஒண்ணும் தெரியல. அவவ அம்மை, அப்பன், மாமியா, புருசன். பெறகு சின்னதுல போன பிள்ளைய. பேரு வைக்காமப் போனதுக்கும் அன்னைக்கு உக்காந்து பேரு வச்சாளுவ. ஒருத்தி நாலு பிள்ளைக்குப் பேரு வச்சா. அவளுக்கு நாலு போச்சுதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும், அடுத்த வீட்டுக்காரி நான். கடல்ல போனவுக, கெணத்துல விழுந்தவ, உப்பளத்துல மயங்கி விழுந்து எந்திரிக்காதவுக. ஒரு மாசத்துல ஊருச் சாவு தீந்துட்டு. பெறகு தாய் ஊரு, கட்டிக்குடுத்த ஊரு, சந்தையில பாத்த ஆளு. காலையில வந்து உக்காந்ததும், "ஏட்டி, எனக்கு ரெண்டு பேரு கடன் குடு" அப்படின்னு கேப்பாளுவ. செட்டுக்குள்ள எந்நேரமும் முணுமுணுன்னு பேருதான். மேடம் அதப் பாட்டுன்னு நெனைச்சு போன்ல பதிவு பண்ணிக்கிட்டாவ.

ஆனா ஒண்ணு, தங்கச்சி. அந்த மூணு மாசம் எங்க ஊர்ல இறந்த ஒருத்தர்கூட மறந்து போகல.

எங்கம்மை பேரு பேராச்சி. அந்த மூணு மாசத்துல படுக்கையில கெடந்தா. நான் காலையில கஞ்சி வச்சுக் குடுத்துட்டுச் செட்டுக்குப் போனா சாயங்காலம்தான் வருவேன். ஊருக்கே வேலை குடுக்கியே, எனக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்க ஆளு போடக்கூடாதான்னு ஒரு நாள் கேட்டா. சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டா. நானும் சிரிச்சேன்.

லாரி வாற அன்னைக்குக் காலையிலதான் எங்கம்மை இறந்தா.

மேடத்துக்குப் போன் போட்டேன். அவிய என்ன சொன்னாவ தெரியுமா? "சந்தனமாரிக்கா, பெட்டிய விடுங்க. அம்மாவப் பாருங்க. நாளைக்கு அனுப்பலாம், நான் பேசிக்கிறேன்." அப்படியே இந்தச் சொல்லு. அவிய அழுதாவ. நான்தான் இல்ல மேடம், லாரி வந்துட்டு, ஏத்தி விட்டுருதேன்னு சொன்னேன். அன்னைக்கே ஏத்தச் சொல்லி யாரும் என்னையக் கேக்கல. ஒருத்தரும் கேக்கல.

பொம்பளைய எல்லாரும் எங்க வீட்டுல நிக்காவ. தங்கக்கிளி மதினி எங்கம்மைக்குப் பெட்டி முடைஞ்சா. முற்றத்துல உக்காந்து, பேராச்சி அத்தைக்குன்னு சத்தமாச் சொல்லித் தொடங்கினா. அந்தப் பெட்டிய நீங்க பாக்கணும். மூவாயிரத்துல அப்படி ஒண்ணு இல்ல. ஓலை ஒண்ணுக்கொண்ணு ஒட்டிப் பொறந்த மாதிரி இருக்கும். அடியில முடிச்சும் போட்டா. முடிச்சு உள்ளது அது ஒண்ணுதான். எங்கிட்டக் குடுத்து, அரிசி நனைச்சு வையின்னு சொல்லிட்டு அம்மையக் குளிப்பாட்டப் போயிட்டா.

நான் அதக் கையில வச்சுக்கிட்டு செட்டுக்கு ஒரு எட்டு போனேன். லாரியில ஏத்தி முடிச்சிருப்பானான்னு பாக்கத்தான் போனேன், சத்தியமா. அங்க லோடுமேன் ஒரு பெட்டிய மிதிச்சிட்டான். அமுங்கிக் கெடக்கு. ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது. ஒண்ணு குறைஞ்சா என்ன? எவன் எண்ணப் போறான்? ஒண்ணு குறையுதுன்னு எழுதிக் குடுத்தா முடிஞ்சுது. எனக்கு மனசு வரல. என் முதல் ஆர்டரு. மூவாயிரம்னா மூவாயிரமா இருக்கணும். சந்தனமாரி சொன்னா சொன்னதுதான்னு பேரு வாங்கணும்.

என் கையில ஒரு பெட்டி இருக்கு. மூவாயிரத்துலயும் நல்ல பெட்டி.

குடுத்துட்டேன். அட்டையையும் நானே கட்டி விட்டேன். மிதிபட்ட பெட்டிய எடுத்து முட்டியில வச்சு நிமித்தி, வீட்டுக்குப் போயி அரிசிய அதுல போட்டேன்.

மதினி பெட்டிய எங்கையில இருந்து வாங்கினா. வாங்கி அடியில பெருவிரலால ஒரு தடவு தடவினா. எப்பவும் தடவுவா, கைப்பழக்கம். ஒரு நிமிசம் என்னையப் பாத்தா. பெறகு எல்லாருக்கும் அரிசி குடுத்தா. அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பால்லா? நாக்கப் புடுங்குத மாதிரி கேக்குதவ அவ. அன்னையில இருந்து எங்கிட்ட பேச்சுக் குறைஞ்சிட்டு, அது வேலைப்பளுவுலதான்.

ஒரு நாள் சும்மா கேக்குத மாதிரி கேட்டேன். மதினி, ஒரு ஆளுக்கு ரெண்டாவது பெட்டி முடையலாமான்னு. அவ ஓலையில இருந்து கண்ண எடுக்காம, "ஒரு ஆளு ஒரு தடவதான சாவுதா, சந்தனம்" அப்படின்னா.

எங்கம்மை பெட்டி யாரு வீட்டுலயோ இருக்கு. மஞ்சளும் குங்குமமும் வச்சுக் குடுத்திருப்பாவ. இப்ப அதுல சாவியோ, ரப்பர் பேண்டோ, வெங்காயமோ கெடக்கும். அதான், எங்க போனாலும் யாரு கையிலயாவது இந்தப் பெட்டியப் பாத்தா நான் கேக்குறது. இப்பத் திருப்பட்டுமா? விபூதிய இந்தக் கைக்குட்டையில வச்சிக்கிடுங்க. பைய, பைய.

இல்ல. முடிச்சு இல்ல. இது எங்கம்மை இல்ல. இந்தாங்க.

பாருங்க, இல்லன்னு தெரிஞ்சதும் எனக்கு மூச்சு நல்லா வருது. பதினோரு பெட்டி இப்படிப் பாத்துட்டேன், பதினோரு தடவையும் இப்படித்தான். இருந்துட்டா அதத் திருப்பிக் கேட்டு வாங்கணும், அம்மை குழிக்குக் கொண்டுபோகணும், மதினிட்ட சொல்லணும், பொம்பளைய முன்னால நிக்கணும். இல்லன்னா ஒண்ணும் செய்ய வேண்டாம்லா. தேடுதவ மாதிரியும் இருக்கலாம், கெடைக்காமலும் இருக்கலாம். இந்த நிம்மதி வருது பாத்தியளா, அதுதான் எனக்கு வெக்கமா இருக்கு தங்கச்சி. அன்னைக்குச் செஞ்சதவிட இதுதான் வெக்கமா இருக்கு.

இன்னைக்குக் காலேஜுல எல்லாத்தையும் சொல்லிரணும்னு வீட்டுல இருந்து கிளம்பும்போது நெனைச்சேன். இப்ப உங்ககிட்டச் சொல்லிட்டேன்லா, அங்க தேவையில்லன்னு தோணுது. முப்பத்திரண்டு பேரு சோறு இதுல கெடக்கு. உங்க கோயம்புத்தூர்க்காரவுகட்ட இதச் சொல்லிறாதிய. நல்லா இருக்கட்டும் அவிய.

அடுத்த ஆர்டர் அஞ்சாயிரம். மேடம் நேத்துத்தான் சொன்னாவ. மதினிட்ட சொன்னேன். முடையுதோம், ஆனா எங்ககிட்டப் பேரு இல்ல, நீதான் ஊர் ஊராப் போறியே, கொண்டு வான்னுட்டா. அதுக்குத்தான் இந்த நோட்டு. முதல் பக்கத்த ஒரு பேருக்காக அப்படியே விட்டிருக்கேன், அது இருக்கட்டும், அதப் பாக்காதிய. அடுத்த பக்கத்துல இருந்து நூத்தி நாப்பது பேரு இருக்கு. எல்லாம் பஸ்ஸுல, ஆஸ்பத்திரி வாசல்ல, டீக்கடையில கேட்டு எழுதினது. யாரும் இல்லைன்னு சொல்லல, தங்கச்சி. கேட்டவுடனே சொல்லிருதாவ, யாராவது கேக்க மாட்டாவளான்னு இருந்த மாதிரி.

உங்க வீட்டுல போனவுக இருப்பாவல்லா? ஒரு பேரு சொல்லுங்க. அப்பாவா? எப்ப போனாவ? சரி, சரி, அழாதிய. எங்க மதினி கையால முடையச் சொல்லுதேன்.

பேரு சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க, தப்பா எழுதிறப்படாது.